ஒளிபரப்புக்கு ஏற்ற முகம்

"உதட்டைக் கொஞ்ச நேரம் மூடி வைடி. பூசவே விடமாட்டேங்கிறியே."

"மூடினா மூச்சை எது வழியா விடுறது? காது வழியாவா?" என்றாள் தங்கை.

அக்காவுக்குச் சிரிப்பு வந்து, கையிலிருந்த தூரிகை ஆடிவிட்டது. கோணலாக இழுத்த கோட்டைத் துடைத்துவிட்டு, தங்கையின் மோவாயை இரண்டு விரலால் நிமிர்த்தி மறுபடி ஆரம்பித்தாள். அந்த உதடுகளில் ஒரு நீலம் இருந்தது. மை கொட்டியது போன்ற அழுத்தமான நீலம் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் ரொம்ப நேரம் ஆடிய குழந்தைக்கு வருமே, அந்த மாதிரி. குழந்தைக்குத் துவட்டிவிட்டால் சரியாகப் போய்விடும். இவளுக்குப் போகவில்லை. போன வருஷம் வந்தது, அங்கேயே குடியேறிவிட்டது.

அது ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனை அறை. பெரிய கண்ணாடி, அதைச் சுற்றி பல்புகள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுழல் நாற்காலிகள், காற்றில் எப்போதும் பவுடர் வாசனை. நிலையத்தை நடத்துகிறவரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் அவளுக்கு ஒரே பெயர்தான், அக்கா. செய்தி வாசிக்கிறவர்கள், மந்திரிகள், சமையல் சொல்லித் தருகிறவர்கள் என்று அவள் கை படாத முகம் அந்த ஊரில் குறைவு. அந்தக் கைக்கும் ஒரு புத்தி உண்டு. கண்ணுக்குக் கீழே கறுப்பைக் கண்டால் சும்மா இருக்காது. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்தால்கூட விரல் துறுதுறுக்கும். கொஞ்சம் இங்கே தொட்டுவிட்டால் போதுமே என்று தோன்றும்.

தங்கை அப்படியில்லை. கண்ணாடி என்றால் அவளுக்குப் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற கண்ணாடிதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஊரில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் தேறினார்கள். "வளைவுல இறங்கினப்புறம் யோசிக்காதே. பாதியில பிரேக்கை மிதிக்கிறவதான் இடிப்பா" என்று அவள் கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும். இன்று காலையில்கூட, நிலையத்தின் நடைபாதையில் கேமராவைத் தள்ளிக்கொண்டு போன பெண் அவளைப் பார்த்ததும் விறைத்து நின்று, "டீச்சர்!" என்றாள்.

"கிளட்ச்ச இன்னும் மிதிச்சுக்கிட்டேதான் ஓட்டுறியா?"

"இல்ல டீச்சர். விட்டுட்டேன் டீச்சர்."

"பொய். முகத்துலயே தெரியுது."

அந்த நாலு வார்த்தைக்கே தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் மாடிப்படி அவளுக்கு மலை. ராத்திரியில் படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இத்தனை வருஷம் பேசாமல் இருந்தது, இப்போது மக்கர் பண்ணுகிறது. மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதல் சம்பளம் வாங்கிய மாதத்திலிருந்து விடாமல் கட்டிவந்த காப்பீடு இருக்கிறதே என்று கம்பெனியிடம் போனால், நோய் உங்கள் பாலிசியைவிடப் பழையது, அதனால் தரமுடியாது என்றார்கள்.

"ஆறு வயசுலயே திட்டம் போட்டுட்டேன் பாருக்கா" என்பாள் தங்கை. "காய்ச்சல்ல படுத்துக்கிட்டே, பெரியவளானா இந்தக் கம்பெனிய ஏமாத்தணும்னு முடிவு பண்ணிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்."

இப்படிப் பழைய நோயைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக்கூடாது என்று ஒரு பிரிவு, புதிய சுகாதாரக் காப்பீட்டு மசோதாவில் இருந்தது. அந்த வாரம் சபையில் வாக்கெடுப்பு. அந்தப் பிரிவு நிறைவேறினால் தங்கைக்கு ஆபரேஷன் நடக்கும். இல்லாவிட்டால் நடக்காது. விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைத்தான் அன்று நேரலையில் விவாதமாக நடத்தப்போகிறார்கள். மேடையில் ஒருபக்கம் காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பேசுகிறவர், எதிர்ப்பக்கம் மசோதாவைக் கொண்டுவந்த சபை உறுப்பினர். பார்வையாளர் வரிசையிலிருந்து பொதுமக்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம். தயாரிப்பாளரின் பின்னாலேயே அலைந்து, அந்த ஒரு கேள்வியை அக்கா தன் தங்கைக்கு வாங்கி வைத்திருந்தாள்.

"கேக்கட்டும்க்கா, நீங்க சொல்லி நான் மாட்டேன்பேனா" என்று தயாரிப்பாளர் தலையைச் சொறிந்தார். "கம்பெனி பேரை மட்டும் சொல்லக்கூடாது. நிகழ்ச்சிக்கு விளம்பரம் குடுக்கிறதே அவங்கதான். என் பிழைப்புல மண்ணைப் போட்டுடாதீங்க."

பேர் எதற்கு, கேள்வி போதும் என்று அக்கா நினைத்தாள். கேட்கிறவளின் முகம் நன்றாக இருக்கவேண்டும் என்றும் நினைத்தாள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வாடிய முகத்தோடு திரையில் வருகிறவர்களை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஐயோ பாவம் என்பார்கள், அடுத்த சேனலுக்குப் போய்விடுவார்கள். தெளிவாக, மிடுக்காக இருக்கிறவள் பேசினால்தான் நின்று கேட்பார்கள். அதனால் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை மூடினாள். கன்னத்தில் ஒட்டிப்போயிருந்த இடத்தில் ரோஜா நிறத்தைத் தட்டி எழுப்பினாள். கடைசியாக அந்த நீலத்தின் மேல் முதலில் ஒரு அடிப்பூச்சு, அப்புறம் சிவப்பு. அவள் அன்றைக்கு வேலை செய்தது போல எந்த மந்திரிக்கும் செய்ததில்லை. சொல்லப்போனால் அது வேலைகூட இல்லை. ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம், நோய் வருவதற்கு முந்தைய தங்கையைப் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசை.

தங்கை கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"அடேயப்பா. இவளுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு போலிருக்கே" என்றாள் பிறகு.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தங்கை பார்வையாளர் வரிசைக்குப் போன பிறகு விருந்தினர்கள் வந்தார்கள். முதலில் கம்பெனிக்காரர். விவாதங்களுக்கு அடிக்கடி வருகிறவர்தான். இளகிய குரல், நல்ல மரியாதை, "எப்படி இருக்கீங்கம்மா" என்று கேட்காமல் உட்காரமாட்டார். அக்கா மனசுக்குள் அவருக்குக் கல்நெற்றி என்று பேர் வைத்திருந்தாள். ஸ்டுடியோ விளக்குச் சூட்டில் எல்லோருக்கும் நெற்றி வேர்க்கும், பெரிய பெரிய தலைவர்களுக்கே வழியும். அந்த மனிதருக்கு மட்டும் ஒரு துளி வந்து அவள் பார்த்ததில்லை. இடைவேளையில் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினால் கையை ஆட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

அடுத்த நாற்காலியில் உறுப்பினர் வந்து உட்கார்ந்தார். மேடையில் எதிரும் புதிருமாக இருக்கப்போகிற இரண்டு பேரும் கண்ணாடி வழியாக ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டார்கள். பையனின் படிப்பு எப்படிப் போகிறது, முட்டிவலி குறைந்ததா என்று விசாரித்துக்கொண்டார்கள். நாற்காலி இருக்கிறது, விளக்கு இருக்கிறது, அந்த மாதிரி அக்காவும் இருக்கிறாள். அவள் எதிரில் எதைப் பேசினால் என்ன என்பது அந்த அறைக்கு வருகிற எல்லோருக்கும் உள்ள நினைப்பு.

"அந்தப் பழைய நோய்ப் பிரிவு?" என்றார் கல்நெற்றிக்காரர், பேச்சுவாக்கில்.

"அது வரல. குழு பரிசீலனைக்குன்னு எடுத்து வச்சாச்சு. அடுத்த கூட்டத்தொடர்ல பாத்துக்கலாம்."

"அடுத்த கூட்டத்தொடர்லயா?"

"அட, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். உங்க ஆளுங்க தேர்தலுக்கு அவ்வளவு செஞ்சிருக்காங்க, நான் மறப்பேனா? மசோதா கொண்டுவந்தவன்னு எனக்குப் பேரு வந்தாச்சு. அது போதும். இன்னிக்கு என்னைக் கொஞ்சம் சீண்டிவிடுங்க. நானும் மேஜையைத் தட்டுறேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

அக்காவின் கையிலிருந்த பஞ்சு கல்நெற்றியின் மேல் அப்படியே நின்றது. பவுடர் டப்பாவை அந்த முகத்தில் கவிழ்க்கலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளே தங்கை இருக்கிறாள், அவள் கையில் ஒரு கேள்வி இருக்கிறது, ஊர் பார்க்க நேருக்கு நேர் கேட்டால் இவர்கள் எங்கே ஓடி ஒளிவார்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு உறுப்பினரின் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணுக்குக் கீழே லேசான கறுப்பு. கை தானாகப் போனது.

"அதை மூடாதீங்கம்மா" என்றார் உறுப்பினர். "இன்னும் கொஞ்சம் கறுப்பாக்குங்க. மக்களுக்காக ராப்பகலா முழிச்ச மாதிரி தெரியணும்."

கல்நெற்றிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா கறுப்புப் பவுடரைத் தொட்டு, சொன்னதைச் செய்தாள். செய்யும்போது அதன் அர்த்தம் அவளுக்கு உறைக்கவில்லை. பழகிய கை, சொன்னதைச் செய்தது. அதுதான் கொடுமை.

நேரலை தொடங்கியது. அக்கா ஸ்டுடியோவின் ஓரத்தில், கேமராக்களுக்குப் பின்னால், இடுப்பில் கட்டிய பையோடு நின்றாள். இடைவேளை விட்டால் ஓடிப்போய் வேர்வையை ஒற்றி எடுக்கவேண்டும், அதுவரைக்கும் அங்கே நிற்கவேண்டும், அதுதான் அவள் இடம். பேசிவைத்த மாதிரியே எல்லாம் நடந்தது. கல்நெற்றிக்காரர் சீண்டினார், உறுப்பினர் மேஜையைத் தட்டினார். தட்டும்போது தண்ணீர்க் குவளை குலுங்கியது. நாடகத்தில்கூட இவ்வளவு சுத்தமாக நடக்காது. பிறகு நெறியாளர் பார்வையாளர் பக்கம் திரும்ப, தங்கையின் கைக்கு மைக் வந்தது.

அவள் எழுந்து நின்று கேட்டாள். "எனக்குச் சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்தது. அது என் இதயத்துல ஒரு வால்வைக் கெடுத்திருக்கு. அப்ப நான் எந்தப் பாலிசியும் எடுக்கல, பல்லு விழுந்து முளைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப மாத்தலேன்னா நான் இருக்கமாட்டேன். அந்தப் பழைய நோய்ப் பிரிவு, இந்த வாரம் வாக்கெடுப்புக்கு வருதா, வரலையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் மூச்சுக்காக நின்றாள். ஆனால் அக்கா மானிட்டரைப் பார்த்தபோது, மூச்சுக்காக நின்றதெல்லாம் திரையில் நிதானமாகத் தெரிந்தது. சிவந்த உதடு, மினுமினுக்கிற கன்னம், தெளிந்த கண். யாரோ நன்றாகத் தூங்கி எழுந்து, விடுமுறைக்குக் கிளம்பி வந்தவளைப் போல் இருந்தாள்.

கல்நெற்றிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அவர் முகத்தில் வந்த கனிவைச் சொல்லி முடியாது.

"சகோதரியைப் பாக்கவே சந்தோஷமா இருக்கு" என்றார். "எவ்வளவு களையான முகம்! இந்த ஆரோக்கியம் என்னிக்கும் நிலைக்கணும்னு வாழ்த்துறேன். நான் யாரையும் குறை சொல்லல. ஆனா நேயர்கள் யோசிக்கணும். பழைய நோய்னு சொல்லிக்கிட்டு எல்லாரும் வந்து நின்னா, ஆஸ்பத்திரிப் படுக்கையில உண்மையாவே உயிருக்குப் போராடுறாங்களே, அவங்க எங்க போவாங்க?"

வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். தங்கையின் பக்கத்தில் இருந்தவர்கூட அவளைத் திரும்பி ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். யாரோ கிசுகிசுக்க, யாரோ சிரித்தார்கள்.

"சகோதரியோட உணர்வு எனக்குப் புரியுது" என்று உறுப்பினர் எடுத்துக்கொண்டார். கண்களை மெல்லத் தேய்த்தார், பவுடர் கலைந்துவிடாதபடி ஜாக்கிரதையாகத் தேய்த்தார். "இந்த மசோதாவுக்காக நான் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு என் முகத்தைப் பாத்தாலே தெரியும்."

பெரிய கைதட்டல்.

அந்தக் கைதட்டலில்தான் அக்காவுக்கு உறைத்தது. தூங்கி எழுந்தவனுக்குக் கறுப்பைப் பூசிவிட்டோம். தூக்கமே இல்லாதவளிடமிருந்து அதைத் துடைத்துவிட்டோம். சாட்சி என்று அவளிடம் இருந்தது அந்த ஒரு முகம்தான். அதை நம் கையாலேயே மூடி, ரோஜா நிறம் தடவி, அவர்களிடம் கொடுத்துவிட்டோம். இத்தனை வருஷம் இந்தக் கை யார் யாருக்கு என்னென்ன செய்து கொடுத்தது என்று நினைத்தபோது, அந்தக் கையை உதறிவிடலாம் போல இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது. உடம்பு நடுங்குகிற கோபம் இல்லை. கையை நிலையாக்குகிற கோபம்.

"சின்ன இடைவேளை" என்றார் நெறியாளர். மானிட்டரில் விளம்பரம் ஓடியது. அதே கம்பெனிதான். பச்சைப் புல்வெளி, அப்பா, அம்மா, துள்ளி ஓடுகிற ஒரு சின்னப் பெண், உங்கள் இதயத்தின் பக்கத்தில் நாங்கள் என்று ஒரு பாட்டு. அந்த அப்பாவின் கன்னமும், அந்த அம்மாவின் சிரிப்பும் அவள் பூசியதுதான். போன மழைக்காலத்தில் இதே கட்டடத்தில் எடுத்தார்கள். புல்வெளி பிளாஸ்டிக்.

அக்கா மேடையை நோக்கி நடந்தாள். இடைவேளையில் அவள் நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. உறுப்பினர் முகத்தை நீட்டினார். அவரைத் தாண்டிப் போனாள்.

"அம்மா, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றார் கல்நெற்றிக்காரர். அவரையும் தாண்டி, மேடைப் படியில் இறங்கி, பார்வையாளர் வரிசைக்குப் போனாள்.

தங்கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டுடியோவின் பெரிய திரை. அவளும் பார்த்திருக்கிறாள்.

"பாத்தியாக்கா" என்றாள். "பேசினது நான், ஜெயிச்சது உன் மேக்கப்."

"மன்னிச்சுக்கடி."

"மன்னிக்கிறதுக்கெல்லாம் மூச்சு இல்ல. தொடைச்சு விடு."

அக்கா இடுப்புப் பையிலிருந்து கிரீமையும் பஞ்சையும் எடுத்தாள். முழங்காலிட்டு, நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். பஞ்சில் ரோஜா நிறம் வந்தது. அடுத்த பஞ்சில் பழுப்பு. கன்னத்தின் குழி வெளியே வந்தது. கண்ணுக்குக் கீழே, மூடி வைத்த அந்தக் கறுப்பு, இதோ இருக்கிறேன் என்று வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, சுளித்த முகம் அவருக்கே மறந்து போனது.

"அக்கா!" தயாரிப்பாளர் கண்ணாடிச் சுவர் போட்ட கட்டுப்பாட்டு அறையிலிருந்து கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "என்ன பண்றீங்க? நேரலைக்கா இது! என் வேலை போயிடும். உங்க வேலையும் போயிடும்!"

அக்காவின் கை நின்றது. வேலை என்றதும் வாடகை, மருந்து, இரண்டு பேரின் சாப்பாடு எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்குள் வந்து போனது. பாதி முகம் துடைத்தாயிற்று. பாதி முகம் இன்னும் புல்வெளிப் பெண் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

"பாதியில பிரேக்கை மிதிக்காதேக்கா" என்றாள் தங்கை மெதுவாக.

அக்கா புதுப் பஞ்சை எடுத்து உதட்டின் மேல் வைத்து அழுத்தி இழுத்தாள். சிவப்பு முழுதும் பஞ்சோடு வந்துவிட்டது.

"அம்மா!" மேடையிலிருந்து மறுபடி அந்த இளகிய குரல், இந்தத் தடவை அவ்வளவு இளகாமல். "எனக்கு நெத்தி வேர்க்குது. சீக்கிரம் வாங்க."

அக்கா திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். கல்லின் மேல் நீர் கசிவது போல, புருவத்துக்கு மேலே ஒரு துளி.

"வேர்க்கட்டும்" என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் அந்த ஸ்டுடியோவில் சின்னச் சத்தமும் நன்றாகக் கேட்கும். அதற்காகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

விளம்பரப் பாட்டு முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. தங்கை ஒரு கையால் அக்காவின் தோளைப் பற்றி, மறு கையில் மைக்கோடு எழுந்தாள். ஒரு பக்கம் ரோஜாக் கன்னம். ஒரு பக்கம் அவளுடைய சொந்த முகம். நடுவில் நீல உதடு.

"ரெண்டாவது கேமரா, மேடைக்கு வை. மேடைக்கு!" என்று தயாரிப்பாளர் தன் ஹெட்போன் மைக்கில் கத்தினார். "பார்வையாளர் பக்கம் திருப்பாதே!"

கேமராவுக்குப் பின்னால், காலையில் 'டீச்சர்!' என்று விறைத்து நின்ற அதே பெண், காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள். பிடியை இரண்டு கையாலும் பற்றினாள். முதுகு நிமிர்ந்தது, திட்டு வாங்கப்போகிறவளுக்கு நிமிர்வது போல.

கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் கண்ணாடி, மேடையை விட்டு, மெல்ல, அவசரப்படாமல், வளைவில் இறங்குகிற வண்டியைப் போல, தங்கையின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பெரிய திரையில் முதலில் ஒரு மங்கல். பிறகு ஏதோ நீலமாகத் தெளியத் தொடங்கியது.